மிதித்தால் இழுக்காத கார்: கோளாறு எங்கே என்று கண்டறியும் வரிசை

ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம். எஞ்சின் சத்தம் கூடுகிறது. வண்டி மட்டும் மனமில்லாமல் நகர்கிறது. ஒரு லாரியை முந்தப் பாதி தூரம் போன பிறகு இது நடந்தால் வயிறு எப்படிக் கலங்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இந்தப் புகாரோடு என் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் கையில் ஏற்கெனவே ஒரு பில் இருக்கும். புது பிளக், புது ஃபில்டர், இன்ஜெக்டர் (எரிபொருளைப் பீய்ச்சும் முனை) சுத்தம், சில சமயம் புது டர்போகூட (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் பாகம்) அதில் இருக்கும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

தொழில் பழக வரும் பையன்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பாகங்களின் பெயர் எல்லாம் தெரிந்திருக்கும். எதை எதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்பது தெரியாது. எஞ்சின் இழுக்க வேண்டுமானால் காற்று உள்ளே வர வேண்டும், எரிபொருள் அளவாகச் சேர வேண்டும், அது உரிய நேரத்தில் எரிய வேண்டும், எரிந்த புகை தடையில்லாமல் வெளியேற வேண்டும். அப்படிப் பிறந்த சக்தி சக்கரம்வரை போய்ச் சேரவும் வேண்டும். இவற்றில் எது அறுந்திருக்கிறது என்பதைச் செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவு பிடிக்கும் சோதனையை நோக்கிப் போய்க் கண்டுபிடிப்பதுதான் கீழே உள்ள வரிசை. கையால் கியர் போடும் பெட்ரோல், டீசல் கார்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஓபிடி ஸ்கேனர், அதாவது காரின் கணினி சொல்வதைப் படிக்கும் கருவி. ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் பக்கம் 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் செருகி, கைப்பேசியோடு புளூடூத்தில் இணைக்கும் சிறிய கருவியே போதும். ஆனால் பிழைக் குறியீட்டை மட்டும் காட்டும் கருவியாக இருக்கக் கூடாது. வண்டி ஓடும்போது சென்சார்கள் சொல்லும் எண்களைக் காட்டி, பதிவும் செய்ய வேண்டும். இழுவைக் கோளாறு பெரும்பாலும் சுமை ஏறும்போது மட்டும் தலைகாட்டும். நிற்கும் வண்டியில் எல்லாம் சரியாகவே தெரியும்.

அடுத்து டார்ச், சோப்புத் தண்ணீர் நிரப்பிய ஸ்ப்ரே புட்டி, ஒரு கண்ணாடி பாட்டில், தொடாமல் சூடு பார்க்கும் வெப்பமானி, எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையை அளக்கும் வேக்குவம் கேஜ். கடைசி இரண்டும் இல்லாவிட்டால் கடன் வாங்கலாம். குறித்துவைக்க ஒரு நோட்டு கட்டாயம்.

கூடவே ஒரு ஆள் வேண்டும். ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பவர் எண்களைப் பார்க்கட்டும். கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டே முழு மிதி மிதித்து, சாலைத் தடுப்பில் ஏற்றிய ஒருவரை எனக்குத் தெரியும்.

எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் சோதனை எல்லாம் அது நன்றாகச் சூடான பிறகுதான். குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி வேறு கணக்கில் எரிபொருள் கொடுக்கும். அப்போது எடுத்த எண்களை வைத்து முடிவுசெய்தால் தவறான இடத்துக்குப் போய்ச் சேருவீர்கள்.

2. பானெட்டைத் திறக்காமல் ஒரு ஓட்டம்

'பிக்கப் இல்லை' என்ற ஒரே வார்த்தைக்குள் பத்து விதமான கோளாறுகள் ஒளிந்திருக்கும். ஆகவே காலியான, சமதளமான சாலையில் ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போய், முழுவதும் மிதித்து, 80 தொட எத்தனை நொடி ஆகிறது என்று குறியுங்கள். போகும் திசையில் ஒருமுறை, திரும்பும் திசையில் ஒருமுறை. கண்ணுக்குத் தெரியாத சரிவும் காற்றும் இரண்டு திசையிலும் எடுத்தால்தான் கழியும். இந்த எண் பிறகு தேவைப்படும். 'இப்போது கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கிறது' என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

அதே ஓட்டத்தில் கோளாறின் சுபாவத்தைக் கவனியுங்கள். எல்லா ஆர்பிஎம்மிலும் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) ஒரே சீராகச் சோர்ந்திருக்கிறதா? கீழே நன்றாக இழுத்து 3000-க்கு மேல் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடுகிறதா? வெட்டி வெட்டி இழுக்கிறதா? திடீரென்று சக்தி போய், சாவியை அணைத்துப் போட்டால் திரும்பி வருகிறதா?

வெட்டி இழுத்தால் பெட்ரோல் காரில் பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயில் பக்கம் சந்தேகம் வலுக்கும். உயர் ஆர்பிஎம்மில் மட்டும் மூச்சு முட்டினால் எரிபொருள் போதவில்லை, அல்லது சைலன்சர் வழி அடைந்திருக்கிறது. அணைத்துப் போட்டால் சரியாகும் வகை, எஞ்சினைக் காப்பாற்றக் கணினியே சக்தியைக் குறைத்த நிலை. டர்போ டீசலில் இது அடிக்கடி வரும்.

பின்னால் இன்னொரு வண்டியில் ஒருவரை வரச் சொல்லிப் புகையையும் பார்க்கச் சொல்லுங்கள். டீசலில் கரும்புகை என்றால் எரிபொருள் இருக்கிறது, காற்று போதவில்லை. இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் எரிபொருளே வரவில்லை, அல்லது கணினி கொடுக்க மறுக்கிறது. நீலப்புகை ஆயில் எரிவது. இந்த ஒரு குறிப்பு பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

மலையில் மட்டும் புகார் என்றால் அவசரப்பட வேண்டாம். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் இருக்கும் காற்றழுத்தம் 2240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் சுமார் 77 தான். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அங்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்தியை இழப்பது இயற்கை. நாங்கள் சுமையோடு சோதிக்க ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குத்தான் வண்டியைக் கொண்டுபோவோம். ஆனால் எண்ணை எப்போதும் அடிவாரத்தில், சேலம் பக்கத்துச் சமதளத்தில் எடுத்துவிட்டே ஏறுவோம்.

3. மேட், கிளட்ச், பிரேக்

பலரும் இந்தப் படியைத் தாண்டிப் போவார்கள், அற்பமாகத் தோன்றுவதால். தாண்டாதீர்கள்.

ஓட்டுநர் காலடியில் கிடக்கும் மேட்டைத் தூக்கி வெளியே போடுங்கள். கார் வாங்கும்போது வந்த மேட்டின்மேல் தடித்த ரப்பர் மேட், அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கியிருந்தால் பெடல் முழுவதும் கீழே போகாது. சாவியைப் போட்டு, எஞ்சினை இயக்காமல், மேட்டோடு ஒருமுறை, மேட் இல்லாமல் ஒருமுறை பெடலை அழுத்தி ஸ்கேனரில் பெடல் நிலையின் எண்ணைப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் வைத்தியம் முடிந்தது. இரண்டு மாதம் அலைந்துவிட்டு வந்த ஒருவரின் காரை இப்படி மூன்று நிமிடத்தில் அனுப்பியிருக்கிறேன். அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

கிளட்சுக்கு: நான்காம் கியரில் 50-இல் போய், முழுவதும் மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, வேகமானி முள் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. கியர் விழுந்த வண்டியில் இந்த இரண்டு முள்ளும் கட்டிப்போட்டதுபோல் சேர்ந்தே ஏற வேண்டும். எஞ்சின் நலமாக இருந்து கிளட்ச் வழுக்கும் வண்டியில் எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் பயனில்லை. கருகிய வாடையும் துணைச் சாட்சி.

பிரேக்குக்கு: அதிகம் பிரேக் போடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதியிலும் சூடு பாருங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் மட்டும் மிகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், கொப்பளித்துவிடும். வெப்பமானி இல்லையென்றால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலாம். பின்சக்கரத்தில் கைப்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகுவது மழைக்காலத்தில் சகஜம். டயர் காற்றையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

4. பிழைக் குறியீட்டைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

சக்கரப் பக்கம் சுத்தம் என்று தெரிந்த பிறகே ஸ்கேனர். அதில் குறியீடுகளைப் படித்ததும் நோட்டில் எழுதுங்கள். அவற்றோடு சேமிக்கப்பட்ட உறைநிலைத் தகவலையும் எழுதுங்கள். கோளாறு நிகழ்ந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு என்பது அதில் இருக்கும். 'அழி' பொத்தானை அழுத்தினாலோ பேட்டரியைக் கழற்றினாலோ எல்லாம் போய்விடும். புதியவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: விளக்கு அணைந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பது.

இரண்டாவது தவறு, குறியீட்டைப் பாகத்தின் பெயராகப் படிப்பது. பி0299 என்றால் கணினி கேட்ட அழுத்தத்தை டர்போ தரவில்லை என்று பொருள். டர்போவை மாற்று என்று பொருளில்லை. பி0171 என்றால் காற்றுக்கேற்ற பெட்ரோல் சேரவில்லை. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. பி0087 எரிபொருள் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் குழாயில், அழுத்தம் குறைவு. பி0300 எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர் (எரிபொருள் எரியாமல் தவறுவது). பி0301 முதல் பி0304 வரை கடைசி எண்ணே சிலிண்டரைக் காட்டும்.

குறியீடே இல்லாமலும் வண்டி இழுக்காமல் போகும். அடைந்த ஏர் ஃபில்டரையோ இறுகிய பிரேக்கையோ கண்டுபிடிக்கும் சென்சார் எதுவும் கிடையாது. 'ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை, வண்டி நன்றாகத்தான் இருக்கிறது' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் மட்டும் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்பதன் எச்சரிக்கை அது. முழு மிதி மிதித்துக்கொண்டே இருந்தால் அதையும் சேர்த்து வாங்க வேண்டிவரும்.

5. காற்று உள்ளே வரும் வழி

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் அழுக்காக இருப்பதால் இழுவை போகாது. எலி கூடு கட்டியிருந்தால், இலைகள் குவிந்திருந்தால், மழையில் நனைந்து தாள் ஊறியிருந்தால் போகும். நெல் களம் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த ஒரு காரின் பெட்டியில் உமியும் தேங்காய் நாரும் ஒரு சொம்பு அளவு எடுத்தோம். ஃபில்டர் என்னவோ புதிது, அடைத்திருந்தது அதற்கு முன்னால் உள்ள குழாய். ஆகவே ஃபில்டரை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள்.

பிறகு எண்கள். டர்போ இல்லாத பல சிறிய பெட்ரோல் கார்களில் காற்றை எடைபோடும் சென்சார் இருக்காது. காற்று எஞ்சினுக்குள் போகும் வழியான இன்டேக்கின் அழுத்தச் சென்சார் மட்டும் இருக்கும். சாவியைப் போட்டு எஞ்சினை இயக்காமல் அதன் எண்ணைக் குறியுங்கள். அது அன்றைய காற்றழுத்தம். இப்போது ஓட்டத்தில் முழு மிதி மிதிக்கும்போது அந்த எண் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏற வேண்டும். பத்து கிலோபாஸ்கலுக்கு மேல் குறைவாகவே நின்றால் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஏதோ அடைத்திருக்கிறது, அல்லது காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் முழுவதும் திறக்கவில்லை.

காற்றை எடைபோடும் சென்சார் உள்ள பெட்ரோல் காருக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. குதிரைசக்தியை 0.8-ஆல் பெருக்குங்கள். 80 குதிரைசக்தி எஞ்சின் முழு மிதியில், உச்ச ஆர்பிஎம் அருகே நொடிக்கு ஏறத்தாழ 64 கிராம் காற்று குடிக்க வேண்டும். 40 தான் காட்டுகிறது என்றால் இரண்டில் ஒன்று: காற்று உண்மையிலேயே வரவில்லை, அல்லது சென்சார் பொய் சொல்கிறது. எது என்பதை ஏழாவது படியில் வரும் ஃப்யூயல் டிரிம் எண் காட்டிக்கொடுக்கும். இந்தச் சென்சாரின் மெல்லிய கம்பியில் விரல் படக் கூடாது. அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயைத் தவிர வேறெதையும் அடிக்கவும் கூடாது.

இழுவை இல்லை என்று எந்த வண்டி வந்தாலும் சிலர் முதலில் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். அங்கே படியும் கரி, மூடிய நிலையில் தகட்டின் விளிம்பில்தான் தொல்லை தரும். அதனால் ஐட்லிங் (மிதிக்காமல் நிற்கும்போது எஞ்சின் ஓடுவது) கெடும், சிக்னலில் அணைந்துபோகும். முழுவதும் திறந்த நிலையில் அந்த மெல்லிய படலத்தால் சக்தி குறைய வழியில்லை. சுத்தம் செய்வதில் தவறில்லை, அதை மருந்தாக நம்புவதுதான் தவறு.

6. டர்போ உள்ள வண்டிக்கு மட்டும்

இந்தப் படியில் நிதானம் தேவை. பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

ஸ்கேனரில் 'கேட்ட அழுத்தம்', 'கிடைத்த அழுத்தம்' இரண்டையும் பதிவுசெய்து, மூன்றாம் கியரில் முழு மிதி கொடுங்கள். கேட்டது 200 கிலோபாஸ்கல், கிடைத்தது 130 என்றால் டர்போ பக்கம்தான் கோளாறு. இரண்டும் சேர்ந்தே போனால் டர்போவை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

அழுத்தம் குறைந்தால் பார்க்கும் வரிசை: பெரிய ஹோஸ்கள், சின்ன வேக்குவம் குழாய், டர்போவைக் கூட்டிக் குறைக்கும் ஆக்சுவேட்டர் கம்பி, அதை ஆளும் சோலினாய்டு (மின்சார) வால்வு, எல்லாவற்றுக்கும் கடைசியாக டர்போ. விலையும் இதே வரிசையில்தான் ஏறும்.

ஒரு 1.3 லிட்டர் டீசல் காரைச் சொல்கிறேன். வேறொரு பட்டறையில் டர்போ மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். புகார்: 2000 ஆர்பிஎம் தாண்டியதும் 'உஸ்' என்று சத்தம், கரும்புகை, இழுவை இல்லை. நிற்கும் வண்டியில் ஹோஸ் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. டர்போ ஊதிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து மேலே வரும் ஹோஸின் அடிப்பக்கத்தில் மட்டும் விரலளவுக்கு ஆயில் ஈரம். அதன்மேல் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஹோஸை மடக்கியபோது அந்த இடம் வாய் திறந்தது. மூன்று அங்குலக் கிழிசல். அழுத்தம் இல்லாதபோது ரப்பர் தானாக மூடிக்கொள்கிறது. டர்போ ஊதும்போது திறந்து அளந்த காற்றையெல்லாம் வெளியே விடுகிறது. ஹோஸும் இரண்டு கிளாம்பும் மாற்றியதும் வண்டி பறந்தது.

ஆகவே கண்ணால் பார்த்தால் போதாது. எஞ்சின் ஆறிய பிறகு ஒவ்வொரு ஹோஸையும் மடக்கி, முறுக்கி, அடிப்பக்கம் தடவிப் பாருங்கள். ஆயில் ஈரம் உள்ள இடத்தில் சந்தேகப்படுங்கள். டர்போ வழியே மெல்லிய ஆயில் ஆவி எப்போதும் கொஞ்சம் வரும், கசியும் இடத்தில்தான் அது வெளியே பூசும். பட்டறையில் என்றால் டர்போவின் வாயை அடைத்து, 0.5 பார் அளவுக்குக் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடிப்போம். அழுத்தத்தை அதற்குமேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

வேக்குவத்தால் இயங்கும், இறக்கை மாறும் வகை டர்போவில் இன்னொரு எளிய சோதனை. ஒருவரை எஞ்சினை இயக்கச் சொல்லி, ஆக்சுவேட்டர் கம்பியைப் பாருங்கள். இயக்கியதும் கம்பி உள்ளே இழுக்கப்பட வேண்டும், அணைத்ததும் திரும்ப வேண்டும். அசையவே இல்லையென்றால் பென்சில் தடிமன்கூட இல்லாத அந்த வேக்குவம் குழாயை முனையிலிருந்து முனைவரை பாருங்கள். எஞ்சின் சூட்டில் வெடித்திருக்கும், அல்லது எங்கோ உரசி ஓட்டை விழுந்திருக்கும். அதிகப்படிப் புகையைத் திருப்பிவிடும் பழைய வேஸ்ட்கேட் வகையில் கம்பி ஐட்லிங்கில் அசையாது. அதைக் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம்.

புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினாலும் இதே கரும்புகையும் சோர்வும் வரும். புதுக் காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்வதுதான் காரணம். ஹோஸ்கள் சரியாக இருந்தால் அடுத்து அதைப் பாருங்கள்.

7. எரிபொருள்

முதல் கேள்வி: கோளாறு தொடங்கியதற்கு முந்தைய நாள் எரிபொருள் நிரப்பினீர்களா? ஆம் என்றால் கண்ணாடி பாட்டிலை எடுங்கள். டீசல் காரில் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். அதைத் திறந்து பாட்டிலில் பிடித்துக் கால் மணிநேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிப் படலமாகக் கோடு போட்டதுபோல் நிற்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தப்பாமல் தெரியும்.

பெட்ரோல் காரில் ஃப்யூயல் டிரிம் எண்கள்தான் வழிகாட்டி. கணினி தன் கணக்கைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ பெட்ரோல் கொடுக்கிறது என்பதே அது. குறுகியகாலம், நீண்டகாலம் இரண்டையும் கூட்டிப் பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐட்லிங்கில் அதிகமாகவும் 2500 ஆர்பிஎம்மில் இயல்பாகவும் இருந்தால் எங்கோ வேக்குவம் கசிகிறது. அது இழுவைக் கோளாறுக்குப் பெரிய காரணமாக இருக்காது. ஐட்லிங்கில் இயல்பு, சுமை ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றுச் சென்சார் குறைத்துச் சொல்கிறது.

இங்கே ஐந்தாவது படியில் எடுத்த காற்று எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். காற்றின் எடை குறைவு, டிரிமும் அதிகம் என்றால் சென்சார் பொய் சொல்கிறது. காற்றின் எடை குறைவு, டிரிம் இயல்பு என்றால் சென்சார் உண்மையே சொல்கிறது; உள்ளே வரும் வழியோ வெளியேறும் வழியோ அடைந்திருக்கிறது. காற்று சரி, டிரிம் அதிகம் என்றால் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் போங்கள். இந்த மூன்று வரியைப் பிடித்துக்கொண்டால் பாதித் தொழில் கைவந்தது மாதிரி.

முழு மிதியில் மட்டும் டிரிமை நம்ப வேண்டாம்; அந்த நேரத்தில் கணினி திருத்துவதை நிறுத்திவிடும். அப்போது பார்க்க வேண்டியது முன் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ். பழைய வகைச் சென்சாரில் முழு மிதியின்போது 0.8, 0.9 வோல்ட் நின்றால் பெட்ரோல் தாராளமாக வருகிறது. ஆர்பிஎம் ஏறும்போது 0.2-க்குச் சரிந்தால் பம்ப் திணறுகிறது. ஐட்லிங்கில் 3 அல்லது 4 பார் அழுத்தம் காட்டினாலே பம்ப் நல்லது என்று விட்டுவிடுவது வழக்கமான பிழை. ஐட்லிங்குக்குத் துளித்துளியாகப் பெட்ரோல் போதும், நோஞ்சான் பம்பும் தேறிவிடும். டேங்க் கால்வாசிக்குக் கீழே வரும்போது, அதுவும் வெயிலில் மட்டும் தொல்லை என்றால் பம்பின்மேல் சந்தேகம் கூடும். அதைக் குளிர்விப்பதே சுற்றியுள்ள பெட்ரோல்தான்.

டீசலில் ரெயில் அழுத்தம் பாருங்கள், கேட்டதும் கிடைத்ததும். ஐட்லிங்கில் 300 பார் வாக்கில் இருக்கும். முழு மிதியில் எஞ்சினைப் பொறுத்து 1400, 1600 என்று ஏறும். மிதிக்கும்போது கிடைத்த அழுத்தம் பின்தங்கினால் முதலில் டீசல் ஃபில்டர். அதற்கும் தீராவிட்டால் டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்றுக் குமிழி, பம்புக்குள் போகும் டீசலின் அளவை ஆளும் வால்வு, இன்ஜெக்டர் ரிட்டர்ன் (இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் டீசல்) என்று போகலாம். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு சிறு புட்டிகளில் விட்டு எஞ்சினை ஓட்டினால், வேகமாக நிரம்பும் புட்டியே கசியும் இன்ஜெக்டரைக் காட்டும்.

எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தாதீர்கள். பழைய டீசல் எஞ்சின்களில் அப்படித் தளர்த்தி சிலிண்டர் பார்த்த கைகளுக்கு இந்தப் பழக்கம் விடாது. இந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விபத்து அது.

8. பிளக், காயில்: பெட்ரோல் காருக்கு

சும்மா நிற்கும்போது சீராக ஓடி, சுமையில் மட்டும் வெட்டினால் இங்கே வாருங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட பிளக் பொறியடிக்க அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான காயில் ஐட்லிங்கில் சமாளித்துவிட்டு, ஏற்றத்தில் கைவிடும்.

குறியீடு பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். குறியீடு பி0303 ஆனால் காயில் கெட்டது. மாறாவிட்டால் பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் மாறாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் (சிலிண்டர் காற்றை அழுத்தும் திறன்). இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. அப்படியிருக்க, நான்கு காயிலையும் சேர்த்து வாங்கிவந்து மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானை டார்ச் அடித்துப் பாருங்கள். முடி போன்ற கறுப்புக் கோடு மேலிருந்து கீழே ஓடினால் பொறி அந்த வழியே தப்பி ஓடுகிறது. அந்த பிளக்கோடு காயிலின் ரப்பர் உறையையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது அதைக் கெடுத்துவிடும்.

9. புகை வெளியேறும் வழி

வேக்குவம் கேஜை இன்டேக்கில் இணையுங்கள். நலமான பெட்ரோல் எஞ்சின் சமவெளியில் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள். முள் நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற முடியாமல் உள்ளே தேங்குகிறது. உறுதிசெய்ய, முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்தமானி பொருத்தலாம். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ தாண்டினால் சந்தேகமே வேண்டாம்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் கலகலவென்று சத்தம் வரலாம். உள்ளே உடைந்த துண்டுதான் வழியை அடைத்திருக்கிறது. ஆனால் புதிதை மாட்டும் முன், அது ஏன் உடைந்தது என்று பாருங்கள். எட்டாவது படியில் சொன்ன மிஸ்ஃபயரோ, எஞ்சின் ஆயில் குடிப்பதோ அதைக் கொன்றிருக்கும். காரணத்தை விட்டுவிட்டு மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிந்தைய டீசல் கார்களில் கரித்துகள் ஃபில்டரையும் சேர்த்துப் பாருங்கள். தினமும் நான்கு கிலோமீட்டர் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் டீசலில் அது சூடாகிக் கரியை எரிக்க வாய்ப்பே கிடைப்பதில்லை. ஸ்கேனரில் அதன் முன்பக்க, பின்பக்க அழுத்த வேறுபாடு தெரியும். எச்சரிக்கை விளக்கு மட்டும் எரிந்தால், காரின் கையேடு சொல்லும் வேகத்தில் நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓட்டினாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்ட பிறகு அப்படி ஓட்டிப் பயனில்லை. பட்டறையில் கணினி வழியே எரிக்க வேண்டும்.

10. இன்னும் பிடிபடவில்லை என்றால்

இவ்வளவும் சரியாக இருந்தும் இழுக்காத வண்டி குறைவு. அதற்கு கம்ப்ரெஷன் பாருங்கள்; சிலிண்டர்களுக்கிடையே 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. வால்வுகள் திறக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் செயின் நீண்டிருந்தாலும் பெல்ட் ஒரு பல் தாண்டியிருந்தாலும் எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே சீரான சோர்வு வரும். பி0016 குறியீடு வந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். இதற்கு எஞ்சினைத் திறக்க வேண்டும் என்பதால்தான் கடைசியில் வைத்தேன்.

11. சரிசெய்த பிறகு

இப்போதுதான் 'அழி' பொத்தான். த்ராட்டில் பாடியையோ பேட்டரியையோ கழற்றியிருந்தால், ஐட்லிங்கைக் கணினி மறுபடி கற்கும் முறையைக் கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் புதிதாக ஒரு கோளாறு வந்ததுபோல் தெரியும்.

பிறகு அதே சாலை, அதே மூன்றாம் கியர், 40-இலிருந்து 80. ஏசியும் ஆட்களும் முதல் ஓட்டத்தில் இருந்தபடியே இருக்கட்டும். நொடிக்கணக்கை நோட்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். முழு மிதியின் காற்று எடை அல்லது டர்போ அழுத்தம், டிரிம், ரெயில் அழுத்தம் ஆகியவற்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாள் வழக்கம்போல் ஓட்டிய பின், விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேனரை ஒருமுறை செருகி, நிலுவையில் ஏதாவது குறியீடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே அது அங்கே வந்து உட்கார்ந்திருக்கும்.

அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழித்து காரின் கையேட்டுக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த முறை வண்டி இழுக்கவில்லை என்று தோன்றினால் முதலில் எடுக்க வேண்டியது அந்தத் தாள்.